ஒன்பதங்குலம் மூன்று நூல்

நீளக்கூடத்தில் எந்தக் கடையில் எது கைதவறி உருண்டாலும் யாரும் குனிந்து தேட மாட்டார்கள். நேரே கிழக்குக் கோடிக்கு நடந்துபோய்க் கடைசித் தூணடியில் பார்ப்பார்கள். தையல்காரம்மாவின் நூல்கண்டு, பழக்கடையின் ஆரஞ்சு, சைக்கிள் கடையின் இரும்புக் குண்டு எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். வந்து சேருவதைப் போட்டு வைக்க ஒரு தகர டப்பாவும் உண்டு. புதிதாக வந்தவர்கள் அதைக் கண்டு சிரிக்கும்போது பெரியக்கா பக்கத்தில் இருந்துவிட்டால் விளக்கம் கேட்காமல் தப்ப முடியாது.

“அது எங்கப்பா தரைக்கு வெச்ச வாட்டம், கிழக்கே சரியும். தரையைக் கழுவி விட்டா தண்ணி தானா கிழக்கு வாசல் வழியா வெளியே போயிடும். அந்தக் காலத்துலயே அப்படி யோசிச்சிருக்கார் மனுஷன்.”

பெரியக்காவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊரார் பேசியதையெல்லாம் காதில் வாங்கி ஒரு சொல்லையும் வாய்க்குக் கொண்டுவராமல் ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியைத் தொடாது. அவருடைய அப்பா ஓவர்சியர். ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் நீளக்கூடத்தை நின்று கட்டியவர் அவர்தான். வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் கூரை, உயரத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நடுவழிக்கு இருபுறமும் பதினொன்று பதினொன்றாய்க் கடைகள், வரிசைக்குப் பதினாறு தூண்கள். ஒவ்வொரு தூணடியிலும் தரையோடு தரையாக ஒரு பித்தளைப் பொட்டு. அந்தக் குடும்பத்தில் ‘தப்பு’ என்ற சொல்லை அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தைத்தான் இடிக்கப் போவதாக ஒரு கம்பெனி வந்து நின்றது. பன்னிரண்டு மாடி, கண்ணாடிச் சுவர், கீழே மூன்று அடுக்குக் கார் நிறுத்தம். கடைக்காரர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். நகராட்சியின் பாரம்பரியக் கட்டடக் குழு நீளக்கூடத்தைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதன்மேல் ஒருவரும் கடப்பாரை வைக்க முடியாது. குழுவுக்குப் போன நான்கு பக்க மனுவில் மூன்றாம் பக்கத்தைப் பெரியக்காவே எழுதினார். அது முழுக்க அப்பாவைப் பற்றி. அதிலும் வாட்டத்தைப் பற்றி மட்டும் பதினோரு வரி.

வினை அங்கேதான் பிடித்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனியின் பதில் வந்தது. கடைக்காரர்களின் போராட்டக் குழுவுக்குச் செயலாளர், வாட்ச் பழுதுபார்க்கும் வாட்ச்காரர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே கடிதத்தை வாசித்தார்.

“அக்கா, நீங்க எழுதின பக்கத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. வாட்டம் வாட்டம்னு எழுதியிருக்கீங்களே, அளந்து பார்ப்போம்னு அவங்க இன்ஜினியர் வந்து அளந்திருக்காங்க. மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் இருநூத்தி முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வித்தியாசமாம்.”

“இருக்கட்டும். அதைத்தானே நானும் சொன்னேன்?”

“கேளுங்க முழுசா. பழைய வரைபடத்துல சாக்கடை மேற்குப் பக்கம் இருக்கு. தண்ணிக்காக வாட்டம் வைக்கிறவர் சாக்கடைக்கு எதிர்ப்பக்கமாவா வைப்பார்? அதனால இது வெச்ச வாட்டம் இல்ல, கிழக்குப் பக்க அஸ்திவாரம் வருஷா வருஷம் இறங்கிக்கிட்டு இருக்கு, ஆபத்தான கட்டடம், பட்டியல்ல சேர்க்கவே கூடாதுன்னு எழுதியிருக்காங்க. புதன்கிழமை குழுக் கூட்டம்.”

பக்கத்துக் கடையிலிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். “இறங்குதாம்ல! நான் கடை போட்ட முதல் மாசமே பொத்தான் டப்பாவைக் கொட்டிட்டு அந்தத் தூணடியில உட்கார்ந்து பொறுக்கினவ. அன்னிக்கு உருண்ட மாதிரியேதான் இன்னிக்கும் உருளுது. நான் வந்து சொல்றேன் சாட்சி.”

“உங்க பொத்தானைக் கூண்டுல ஏத்த முடியாது, அம்மா,” என்றார் வாட்ச்காரர். பிறகு பெரியக்காவைப் பார்த்தார். “அக்கா, அப்பா ஏன் கிழக்கே சாய்ச்சார்? ஏதாவது காரணம் இருந்திருக்கும். காகிதத்துல இருந்தா பிழைச்சோம். இல்லேன்னா இருபத்திரண்டு கடையும் காலி.”

பெரியக்கா கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “பார்க்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பார்க்க வேண்டியதே இல்லை. காரணம் அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

வீட்டில், அப்பாவின் மர அலமாரியின் அடித்தட்டில், காக்கித் துணி அட்டை போட்ட ஒரு மட்டப் புத்தகம், கட்டடத்தின் உயர அளவுகளை அப்பா குறித்து வைத்தது, இருந்தது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியக்காவின் காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டு, “உன்னோட இருக்கட்டும். தம்பிக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவான்” என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பெரியக்கா அந்தப் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடி தொட்டதில்லை. தொட்டிருந்தால் வாட்டத்தைப் பற்றிப் பதினோரு வரி எழுதக் கை வந்திருக்காது.

இப்போது அதை எடுத்து மேஜைமேல் வைத்துத் தூசியைத் தட்டும்போது தம்பி உள்ளே வந்தார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயதிலும் சட்டையை இஸ்திரி போடாமல் தெருவில் இறங்க மாட்டார். வாட்ச்காரர் போன் செய்திருக்க வேண்டும்.

“அக்கா, அது என்ன கையில?”

“அப்பாவோட மட்டப் புத்தகம்.”

“அதை உள்ளே வை. அதுல ஒண்ணும் இல்ல.”

“இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. “பழைய கணக்கு. உனக்குப் புரியாது.”

“அளவுகோலைப் பிடிச்சுக்கிட்டு அப்பாகூட வருஷா வருஷம் நின்னவ நான். எனக்குப் புரியாதா? நீ எதையோ மறைக்கிற.”

“நீதான் எதையோ கிளப்பற. அந்த வாட்டம்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுடா. அந்த வாட்டம்?”

“அது வாட்டம் இல்ல.” சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் வேலையில சேர்ந்த அன்னிக்கு அப்பா என்னைக் கூட்டிட்டுப் போய்க் கடைசித் தூண்கிட்ட நிக்க வெச்சுச் சொன்னார். தப்பு நடந்துபோச்சுன்னு. கோர்ட்டுல வேலை பார்க்கப் போற, நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா நீ தெரிஞ்சு வெச்சிருக்கணும்னார். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, அவ தாங்க மாட்டானு சத்தியம் வாங்கினார்.”

பெரியக்கா அவரையே பார்த்தார். “அம்மா என்கிட்ட சொன்னாங்க. தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத, மனசு விட்டுடுவான்னு.”

தம்பி துடைத்த கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அப்போ முப்பது வருஷமா,” என்றார் தம்பி, “வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நீ தண்ணி வாட்டம்னு சொல்லும்போது நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேனே...”

“நானும் பார்த்தேன். என் தம்பி என்ன அப்பாவியா நம்பறான்னு நினைச்சேன்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அந்த வீட்டில் அப்பாவின் படத்துக்கு எதிரே அப்படிச் சிரித்துப் பழக்கமில்லை.

முதல் பக்கத்தில் நடந்தது தெளிவாக எழுதியிருந்தது. மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டுமென்று இரண்டு கோஷ்டிகள் இரண்டு கோடியிலிருந்தும் அடித்தளச் சுவரை எழுப்பிக்கொண்டு வந்தன. உயரம் பார்க்க மேற்கே தபாலாபீஸ் படிக்கல்லில் ஒரு குறி, கிழக்கே பாலத்துச் சுவரில் ஒரு குறி. பாலத்தைப் பழுதுபார்த்தபோது அந்தக் குறியைக் கீழே இறக்கி வெட்டியிருந்தார்கள். ஓவர்சியர் குறிகளின் உயரம் எழுதிய பழைய அட்டவணையை நம்பினார். போய்ச் சரிபார்க்கவில்லை. இரண்டு சுவரும் நடுவில் சந்தித்த அன்று கிழக்குச் சுவர் ஒன்பதங்குலம் மூன்று நூல் தாழ்ந்து நின்றது. கொத்தனார் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். இடித்துக் கட்ட நாளில்லை. பதினாறு தூணுக்குப் பதினைந்து இடைவெளி. இடைவெளிக்கு ஐந்து நூல் வீதம் வித்தியாசத்தைப் பரப்பி, அங்கே கொஞ்சம் ஏற்றி இங்கே கொஞ்சம் இறக்கி, தரையை ஒரே சாய்வாக ஆக்கிவிட்டார். அடியில், ‘தவறு என்னுடையது. மேஸ்திரிகளைக் குறை சொல்வதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இதைப் படிச்சா அப்பா பேர் போச்சு,” என்றார் தம்பி.

“படிக்கலேன்னா?”

“கட்டடம் போகும்.” தம்பி குரலைத் தாழ்த்தினார். “போனா போகட்டுமே அக்கா. கட்டடம் இடிஞ்சாலும் ஓவர்சியர் கட்டினதுன்னு நாலு பேர் நல்லபடியா சொல்வாங்க.”

“அஸ்திவாரம் சரியில்லாம கட்டினார், அதனாலதான் இடிச்சாங்கன்னு சொல்வாங்க. அந்த இன்ஜினியர் எழுதின காகிதம்தான் அப்புறம் நிக்கும்.” பெரியக்கா புத்தகத்தை மூடினார். “ஒரு தப்பு பண்ணினார். அதை மறைக்கிறேன்னு அவர் பண்ணாத தப்பைத் தலையில ஏத்தறதா? அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கட்டறதுக்கு நூலும் அரக்கும் முத்திரையும் எடு. இந்தப் பக்கத்தைத் தவிர மிச்சத்தை நாம புரட்ட வேண்டாம். கட்டி முத்திரை போட்டு அப்படியே குழுகிட்ட கொடுக்கப் போறோம். நாளைக்கு எவனும் நாம உட்கார்ந்து திருத்தினோம்னு சொல்லக் கூடாது.”

கோர்ட் எழுத்தருக்கு அந்த வேலை கைவந்த வேலை. நூலைச் சுற்றி அரக்கு வைக்கும்போது அவருடைய முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது.

புதன்கிழமை, நகராட்சிக் கட்டடத்தின் மாடி அறை. குழுத் தலைவி கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற அம்மாள். எதிரே கம்பெனியின் இன்ஜினியர், முப்பது வயதுப் பெண். பென்சிலைக் காதில் செருகியிருந்தாள். பின்னால் கடைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியக்கா எழுந்து நின்றார்.

“மனுவோட மூணாம் பக்கத்துல நான் எழுதினது உண்மையில்ல. அந்தச் சாய்வு தண்ணிக்காக வெச்சது கிடையாது. எங்கப்பா தப்புக் கணக்குப் போட்டார். அதை மறைக்கத் தண்ணி வாட்டம்னு சொன்னோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன்.”

பின்வரிசையில் யாரோ “அடடா” என்றார்கள். வாட்ச்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியக்கா எதற்கும் திரும்பவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, கட்டிய புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

“அளவு என்னன்னு சொன்னீங்க?” என்றாள் இன்ஜினியர்.

“ஒன்பதங்குலம் மூணு நூல்.”

அவள் காதுப் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். “இருநூத்தி முப்பத்தெட்டு. எங்க அறிக்கையில இருக்கிற அதே எண்.” தலைவியிடம் திரும்பினாள். “மேடம், மரியாதைக் குறைவா சொல்லல. எங்க அறிக்கையைப் பார்த்துட்டுப் பழைய நோட்டுல யார் வேணும்னாலும் ஒரு எண்ணை எழுதிட முடியும்.”

தம்பி துள்ளி எழுந்தார். “யாரைப் பார்த்து என்னம்மா பேசறே? எங்க குடும்பத்துல...”

“உட்காருடா,” என்றார் பெரியக்கா. தம்பி உட்கார்ந்தார். “அந்தப் பொண்ணு கேட்கிறது நியாயம். அம்மா, உங்க அறிக்கையில ரெண்டு கோடிக்கு மட்டும்தான் அளவு இருக்கு. நடுவுல பதினாலு தூண் இருக்கு. நீங்க அளக்கல. எங்கப்பா பதினாறையும் அளந்தார். தரையில பித்தளைப் பொட்டு இருக்கே, அது அழகுக்குன்னு நினைச்சீங்களா? திறப்பு விழா அன்னிக்கு ஒரு தடவை, அப்புறம் சாகற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை அதுமேல கோலை வெச்சு அளந்தார். கட்டடம் அசையுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அந்தப் பக்கங்களை நானே இன்னும் பார்க்கல. புத்தகத்தை நீங்க வெச்சுக்குங்க, மேடம். இந்தப் பொண்ணே வந்து அளக்கட்டும். நீங்க பிரிச்சுப் படிங்க. ஒத்துப்போகலேன்னா இடிக்கட்டும்.”

“அக்கா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. தையல்காரம்மா.

தலைவி அரக்கைத் தடவிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை பத்து மணி,” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீளக்கூடத்தில் வியாபாரம் நின்றது. பாதி முகச் சவரத்தோடு ஒருவர் சலூன் வாசலுக்கு வந்து நின்றார். வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் தரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. இன்ஜினியர் நடுவழியில் முக்காலியை விரித்து மட்டக் கருவியைப் பொருத்தினாள். தலைவி நாற்காலியில் புத்தகத்தோடு அமர்ந்தார். அங்குலத்தை மில்லிமீட்டராக்கித் தர கால்குலேட்டரோடு தம்பி நின்றார்.

“கோல் பிடிக்க எங்க ஆளை இன்னிக்கு வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க,” என்றாள் இன்ஜினியர். “யாராவது ஒருத்தர்...”

பெரியக்கா கையை நீட்டினார்.

“உங்களால முடியுமாம்மா? கோல் கொஞ்சமும் சாயக்கூடாது. நிமிர்ந்து நிக்கணும்.”

இருபத்திரண்டு கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். “அதைப் போய் அவங்ககிட்ட சொல்றீங்களே!” என்றார் வாட்ச்காரர்.

பெரியக்கா மேற்குக் கோடியில் முதல் தூணடியில் பித்தளைப் பொட்டின்மேல் கோலை நிறுத்தினார். அதற்குப் பக்கத்தில் அவர் நின்றார். இரண்டில் எது நேர் என்று சொல்வது சிரமம். இன்ஜினியர் குனிந்து பார்த்து, “முதல் தூண், பூஜ்யம்னு வெச்சுக்கிறேன்” என்றாள். இரண்டாம் தூண், பதினாறு. தலைவி வாசித்தார்: “ஐந்து நூல்.” தம்பி கால்குலேட்டரைத் தட்டி, “பதினாறு, சரி” என்றார். மூன்றாம் தூண், முப்பத்திரண்டு. சரி. நான்கு, சரி. ஐந்தாம் தூணில் கடைக்காரர்களும் சேர்ந்து “சரி” சொல்லத் தொடங்கினார்கள். எட்டாம் தூணில் குரல் கூரையில் மோதித் திரும்பியது.

ஒன்பதாம் தூணில் இன்ஜினியர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கருவியில் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தாள்.

“நூத்தி முப்பத்திமூணு,” என்றாள். “இதுவரைக்கும் வந்த கணக்குப்படி நூத்தி இருபத்தேழு இருக்கணும். ஆறு மில்லி அதிகம் இறங்கியிருக்கு. இந்த இடத்துல இறங்கியிருக்கு, மேடம்.”

ஒருவரும் சரி சொல்லவில்லை. தம்பியின் விரல் கால்குலேட்டரில் அப்படியே நின்றது. பெரியக்கா கோலைப் பிடித்த கையை மாற்றவில்லை, பார்வையையும் இறக்கவில்லை. “புத்தகத்துல என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டார். ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் இதே தூணில் கோல் பிடித்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எண்கள் நினைவில்லை. அப்பா ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தது மட்டும் மங்கலாக நினைவிருந்தது.

தலைவி பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மெதுவாக வாசித்தார்.

“ஒன்பதாம் தூண். ஐந்து அங்குலம் இரண்டு நூல். கணக்குக்கு இரண்டு நூல் கூடுதல் இறக்கம். கல் பதித்த அன்று எனக்குக் காய்ச்சல். வந்து பார்க்கவில்லை. இதுவும் என் தவறே.”

தம்பி கால்குலேட்டரைத் தட்டினார். “நூத்தி முப்பத்திமூணு புள்ளி மூணு,” என்றவர், அடுத்த நொடியே, “அக்கா, இதை அப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்றார்.

“அம்மாவும் சொல்லல,” என்றார் பெரியக்கா. “இது அவர் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் மறைச்சது.”

கூடம் அதிர்ந்தது. தையல்காரம்மா சிரித்தபடியே அழுதார். தலைவி பக்கங்களைப் புரட்டி, அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று ஒன்பதாம் தூணின் அளவை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். ஐந்து அங்குலம் இரண்டு நூல். ஐந்து அங்குலம் இரண்டு நூல். இருபத்திரண்டு வருடத்துக்கும் அதே அளவு.

மீதி ஏழு தூண்களையும் இன்ஜினியர் விடாமல் அளந்தாள். அவளும் தொழில் தெரிந்தவள்தான். கடைசித் தூணில் இருநூற்று முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டில் ஒரு கோடு இழுத்தாள்.

“மேடம், அஸ்திவாரம் இறங்கல. எங்க அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறோம். நானே எழுதிக் கொடுக்கிறேன்.” பிறகு பெரியக்காவிடம் வந்து கோலை வாங்கிக்கொண்டாள். “அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? ரெண்டு கோடியையும் சேர்த்து இடைவெளிக்கு அஞ்சு நூல்னு பரப்பியிருக்காரே, அது சாதாரண வேலை இல்ல. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாமே?”

“அதைச் சொன்னா எதுக்காகப் பரப்பினார்னு கேட்பாங்களே, கண்ணு.”

அடுத்த மாதம் நீளக்கூடம் பட்டியலில் ஏறியது. கம்பெனி பின்பக்கத்துக் காலி நிலத்தில் தன் மாடிகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது. கூடத்தில் ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்று குழு எழுதிக் கேட்டது. வாசகத்தைத் தம்பி வரைந்துகொண்டு வந்தார். கோர்ட் நடையில் முழு ஒரு பக்கம். பெரியக்கா பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே வந்தார். ‘ஒப்பற்ற’ போயிற்று. ‘தொலைநோக்கு’ போயிற்று. ‘கட்டுமானத்தின்போது நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவு’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“இது என்ன சிறு?”

“கல்லுல நிக்கப் போறது அக்கா. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு...”

“மரியாதைக்கு என்ன குறை வந்துச்சு? எங்கப்பா தப்பு பண்ணினார். அம்பத்தேழு வருஷத்துல அந்தத் தப்பு ஒரு நூல் அசையல. ஊர்ல எத்தனை பேர் ஒழுங்கா கட்டினதெல்லாம் அப்படி நிக்குது?” பேனாவைத் தம்பியிடம் நீட்டினார். “சிறுவை எடு. அளவைப் போடு. ஒன்பதாம் தூணையும் சேர்த்துப் போடு.”

தம்பி எழுதினார். அவர் எழுதும்வரை பெரியக்கா பக்கத்தில் நின்றார்.